முப்பதாயிரத்து முப்பத்தொன்று

எனக்கு ஆட்களின் பெயர் மனத்தில் நிற்காது. கல்யாண வீட்டில் எதிரே வந்து நின்று "என்னைத் தெரியுதா?" என்று கேட்பவர்களைக் கண்டால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. தெரியவில்லை என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். தெரிகிறது என்றால் "அப்ப யாருன்னு சொல்லு" என்கிறார்கள். ஆனால் ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரம் யார்டில் நான் எழுதிய சரக்கு வேகன்களின் எண்களில் பத்துப் பதினைந்து இன்னும் அப்படியே இருக்கின்றன. அதில் ஒன்றை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. எண்ணைக் கும்பிடுவது பைத்தியக்காரத்தனம் என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான். நான் கும்பிடுவது எண்ணை இல்லை, அந்த எண்ணை வைத்து என்னோடு பந்தயம் கட்டிய ஒரு மனிதரை.

என் வேலைக்கு நம்பர் டேக்கர் என்று பெயர். சரக்கு வண்டி வந்து நின்றதும் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, முதல் வேகனிலிருந்து கடைசி வேகன் வரை நடக்க வேண்டும். ஒவ்வொரு வேகனின் எண், அது எந்த ஊருக்குப் போகிறது, சரக்கு உள்ளதா காலியா என்று எழுத வேண்டும். பிறகு ஆபீசுக்கு வந்து, எந்த வண்டியில் எந்த வேகனைக் கோக்க வேண்டும் என்று பட்டியல் போட வேண்டும். ஷன்டிங் ஆட்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வேகனைக் கழற்றுவார்கள், மாட்டுவார்கள். நான் எழுதியதுதான் வேகனின் தலையெழுத்து. இரண்டு வருஷமாகியும் நான் தற்காலிக ஊழியன்தான் என்பது வேறு விஷயம்.

தினம் இருநூறு முந்நூறு எண்களை எழுதுகிறவனுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். எண் என்றாலே குமட்டும், அல்லது எண்ணின் மேல் பைத்தியம் பிடிக்கும். எனக்கு இரண்டாவது நடந்தது. நான் வேகன்களுக்கு இனம் பிரிக்க ஆரம்பித்தேன். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாதது பகா எண். மற்றது பகு எண். பகு எண்ணிலும் வகை உண்டு. ஒரு எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் சின்ன எண்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், கூட்டுத்தொகை அந்த எண்ணைவிடக் குறைந்தால் குறை எண், கூடினால் மிகை எண். சரியாக அதே எண் வந்தால் நிறை எண். ஆறு நிறை எண். ஒன்றும் இரண்டும் மூன்றும் ஆறு. அடுத்தது இருபத்தெட்டு, அப்புறம் நானூற்றுத் தொண்ணூற்றாறு, அப்புறம் எட்டாயிரத்து நூற்று இருபத்தெட்டு. அந்த எட்டாயிரத்து நூற்று இருபத்தெட்டாம் வேகன் ஒரு நாள் விழுப்புரத்துக்கு வரும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். வரவில்லை. அந்த எண்ணில் அப்படியொரு வேகன் இருந்ததா என்பதே தெரியாது.

இந்தப் பைத்தியத்துக்குத் துணையாக ஒருவர் திண்டிவனத்தில் இருந்தார். அங்கே சரக்கு குமாஸ்தா. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம், நயினார் என்று சொல்வார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷன் போனில் "நாளைக்கு உங்களுக்கு இத்தனை வேகன்" என்று நான் சொல்ல வேண்டும். அது அரை நிமிஷ வேலை. அதற்குப் பிறகு யாராவது வைய ஆரம்பிக்கும் வரை எண்களைப் பற்றிப் பேசுவோம். "எங்க சாஸ்திரத்துல எண்ணுக்கு மூணு வகைங்க. எண்ண முடியறது, எண்ண முடியாதது, முடிவே இல்லாதது. நீங்களும் நானும் மொத வகையிலயே இன்னும் முட்டிக்கினு இருக்கோம்" என்பார். ஆனால் ஐந்து மணி அடித்தால் போனை வைத்துவிடுவார். சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். மறைந்த பிறகு அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவருக்குச் சாயங்காலச் சாப்பாட்டோடு நாள் முடிந்துவிடும்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் தெற்கிலிருந்து வந்த ஒரு சரக்கு வண்டியில் இரண்டு வேகன்களுக்கு அச்சு சூடாகிவிட்டது. ரயில்வேயில் அப்படிப்பட்ட வேகனை 'சிக்' என்பார்கள். மனிதனுக்கு ஆஸ்பத்திரி மாதிரி அதற்கு ஒரு தனி லைன் உண்டு. இரண்டையும் அங்கே தள்ளிவிட்டு வண்டி போய்விட்டது. அதில் ஒன்றின் எண் 30031.

அதைப் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றால் வகுத்தால் ஒன்று. ஐந்தால் ஒன்று. ஏழால் ஒன்று. பதினொன்றால் ஒன்று. பதிமூன்றாலும் ஒன்று. ஏனென்றால் அந்த ஆறு பகா எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது முப்பதாயிரத்து முப்பது. அதற்கு வகுக்கும் எண்கள் மட்டும் அறுபத்துநான்கு. ஊரெல்லாம் சொந்தக்காரன், கூட்டினால் தன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும் மிகை எண். அதற்கு அடுத்த வீட்டில் யாருக்கும் பிடி கொடுக்காமல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். இவன் பகா எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. நாலு மணிக்கு நயினாரிடம் போனில் சொன்னேன்.

"பாத்ததும் சொல்லிடறதா? வகுத்துப் பாக்கணுங்க" என்றார்.

"எதால வகுத்தாலும் ஒண்ணு மிச்சம் வருது சார். இன்னும் இன்னா பாக்கணும்?"

"ஆறு பேருக்கு வழி விடலைன்னா ஊர்ல ஒருத்தருக்கும் வழி விட மாட்டான்னு அர்த்தமா? நூத்தி எழுபத்திமூணு வரைக்கும் இருக்கிற பகா எண் எல்லாத்தாலயும் வகுக்கணும். மொத்தம் நாப்பது. ஆறு போனா முப்பத்திநாலு. நான் தினம் ஒண்ணு போடறேன்."

"தினம் ஒண்ணா? ஒக்காந்தா ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாமே?"

"ஒரு நாளைக்கு ஒண்ணு போதுங்க. அதுக்கு மேல பேராசை."

பந்தயத்தையும் அவர்தான் சொன்னார். பகா எண்ணாக இருந்தால் அவர் விழுப்புரம் வந்து என் வீட்டில் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் நான் திண்டிவனம் போய் அவர் வீட்டில் சாப்பிட வேண்டும். அன்றே பதினேழால் வகுத்து மீதி ஒன்பது என்றார். மறுநாள் பத்தொன்பதால், மீதி பதினொன்று. மூன்றாம் நாள் இருபத்துமூன்றால், மீதி பதினாறு. அம்மாவிடம் "வெங்காயம் பூண்டு இல்லாம என்னென்ன சமைக்கலாம்?" என்று நான் கேட்டு வைத்துக்கொண்டேன். அவ்வளவு தலைக்கனம்.

நாலாம் நாள் இரண்டு வேகன்களும் சரியாகி வெளியே வந்தன. 30031-க்குப் பக்கத்தில் நின்ற மற்றதன் எண் 30301. ஒன்று திண்டிவனத்துக்குப் போக வேண்டியது, இன்னொன்று பாண்டிச்சேரிக்கு. காலையிலிருந்து மழை. சாதாரணமாக எங்கள் பக்கத்து ஆடி மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். அன்று விடவில்லை. வேகன் கதவில் ஊர் எழுதி ஒட்டியிருந்த காகிதச் சீட்டு நனைந்து கூழாகிவிட்டது. என் பெரிய நோட்டில் காப்பியிங் பென்சிலால் எழுதியிருந்தேன். நனைந்ததும் அது ஊதா மையாகக் கரைந்து ஓடியது. எண்கள் தெரிந்தன, ஓரத்தில் எழுதியிருந்த ஊர்கள் தெரியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஆறு தண்டவாளம் தாண்டிச் சரக்கு ஆபீசுக்குப் போய் எந்த வேகன் எந்த ஊருக்கு என்று கேட்டிருப்பான். பத்து நிமிஷ வேலை. எனக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் என்னிடம் ஒன்பது இருந்தது. ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால், அதை ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி வரும் என்பது தெரிந்துவிடும். இதை வைத்துச் சரிபார்க்கும் வழக்கம் எனக்கு இருந்தது. சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தேன். அதில் முழு எண்ணை எழுத மாட்டேன், ஊரையும் ஒன்பதின் மீதியையும் மட்டும் எழுதுவேன். அதை நானே கண்டுபிடித்த குறுக்குவழி என்று பெருமை வேறு. அது நனையவில்லை. திறந்தேன். 'திண்டிவனம், 7.' 'பாண்டிச்சேரி, 7.'

30301. மூன்றும் மூன்றும் ஒன்றும் ஏழு. சரி, திண்டிவனத்துக்குப் பொருந்துகிறது. 30031. மூன்றும் மூன்றும் ஒன்றும் ஏழு. பாண்டிச்சேரிக்குப் பொருந்துகிறது. இரண்டும் பொருந்தியபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திருப்திதான் வந்தது. 30301 திண்டிவனத்துக்கு, 30031 பாண்டிச்சேரிக்கு என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று நாளாக அந்த எண்ணின் குலம் கோத்திரம் எல்லாம் ஆராய்ந்தவன், அந்த வேகனுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பட்டியலை வாங்கிய ஷன்டிங் ஜமேதார் தலையில் கோணியோடு நின்றார். "மழைல ஒரே பேஜாரு சார். சீட்டு ஒண்ணும் தெரியலை. நம்பர் கரெக்டுதானே?"

"சரிபார்த்துட்டேன். ஒன்பது பொய் சொல்லாது" என்றேன். இந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பன்னிரண்டு மணிக்குத் திண்டிவனம் பக்கம் போகும் சரக்கு வண்டி 30301-ஐ இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டரைக்குப் பாண்டிச்சேரி வண்டி 30031-ஐ இழுத்துக்கொண்டு போயிற்று. வேகன்களின் காகிதங்கள் ஊர்ப்பெயர் எழுதி சீல் வைத்த கவர்களில் அந்தந்த வண்டியின் கார்டிடம் போயின. கவருக்குள் என்ன எண் என்று வழியில் யாருக்கும் தெரியாது. மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"சார், நம்ம முப்பதாயிரத்து முப்பத்தொண்ணு எங்க இருக்குது?" என்றார் நயினார்.

"ஏன், அடங்கிட்டானா?" என்று சிரித்தேன்.

"இல்லீங்க. இன்னைக்கு இன்னும் வகுக்கலை. கவரைப் பிரிச்சேன். விதை மல்லாட்டை, வேகன் நம்பர் முப்பதாயிரத்து முப்பத்தொண்ணுன்னு இருக்குது. வந்து நிக்கிறது முப்பதாயிரத்து முந்நூத்தியொண்ணு. உள்ள சிமெண்டு. மூணு நாளா விதைக்கு வழி பாத்துக்கினு இருக்கிறவங்க இருபது மாட்டு வண்டியோட வாசல்ல நிக்கிறாங்க."

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். மானாவாரி நிலத்தில் இந்த ஈரம் காய்வதற்குள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டாக வேண்டும். மழையில் நனைந்துகொண்டு போகும் அந்த வேகன் பாண்டிச்சேரியில் இறங்கி, தப்பு தெரிந்து, காகிதம் எழுதி, திரும்பி வர ஒரு வாரமாகும். அவர்கள் கதை அது. என் கதை வேறு. நாலு மாதம் முன்பு ஒரு எண்ணைத் தப்பாக எழுதி எச்சரிக்கை மெமோ வாங்கியிருந்தேன். இன்னொரு தவறு நேர்ந்தால் தற்காலிக ஊழியரின் சேவை தேவையில்லை என்று அதில் தெளிவாக இருந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா, இரண்டு தங்கைகள், என் ஒரு சம்பளம். வேகன் மாறி வந்தால் அன்றே மேலிடத்துக்குத் தந்தி அடிக்க வேண்டியது திண்டிவனத்துக் குமாஸ்தாவின் வேலை. அந்தக் குமாஸ்தா போனில் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"தப்பு என்னோடது சார்" என்றேன்.

"அது தெரியுதுங்க. நான் பொய் எழுத மாட்டேன், அது உங்களுக்கும் தெரியும். ஆனா ரூல்ல 'அன்றே'ன்னுதான் போட்டிருக்குது, மணி போடலை. சாயங்காலம் நான் சாப்பிட்டா என் நாள் முடிஞ்சிது. சாப்பிட ஒக்கார்றதுக்கு முன்னாடி தந்தி எழுதிடுவேன். அதுக்குள்ள வேகன் வந்துடுச்சின்னா எழுத ஒண்ணுமில்ல. இந்தச் சிமெண்டை வர்ற வண்டியில திருப்பி அனுப்பறேன். நீங்க ஜல்தியா விதையப் புடிங்க."

வளவனூருக்குப் போன் போட்டேன். கடவுள் இருக்கிறார் என்று அன்று நம்பினேன். பாண்டிச்சேரி சரக்கு வண்டி அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தது. எதிரே பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரம் வரும் வண்டிக்காகக் காத்திருந்தது. பயணிகள் பெட்டியும் சரக்கு வேகனும் சேர்ந்த வண்டி அது. நான் வளவனூர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னையும் என்னை வேலைக்கு எடுத்தவரையும் சேர்த்துத் திட்டினார். திட்டிக்கொண்டே 30031-ஐக் கழற்றி, எதிரே வந்த வண்டியின் வாலில் மாட்டி அனுப்பினார். இனிக்க இனிக்கப் பேசிவிட்டு ஒன்றும் செய்யாதவர்களைப் பின்னாளில் நிறையப் பார்த்தேன். அப்போதெல்லாம் அவர் திட்டு எனக்குத் தேனாக நினைவுக்கு வரும்.

நாலரைக்கு அது விழுப்புரம் வந்தது. இந்த முறை ஆறு தண்டவாளமும் தாண்டி ஓடி, சரக்கு ஆபீஸ் பதிவேட்டில் பார்த்து, எண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஜமேதாரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ஒன்பது பொய் சொல்லாதுன்னீங்களே சார்" என்று ஒரு வார்த்தை குத்திவிட்டு, ஐந்து மணிக்கு வடக்கே போகும் சரக்கு வண்டியில் மாட்டிக் கொடுத்தார். அவரும் அவர் ஆட்களும் முழுக்க நனைந்திருந்தார்கள். அன்று எனக்காக நனைந்தவர்கள் கணக்கில் அவர்களும் உண்டு.

அப்புறம் நான் போன் பக்கத்தில் நின்றேன். முண்டியம்பாக்கம் தாண்டியது. விக்கிரவாண்டியில் நிறுத்திவிட்டார்கள். பின்னால் வரும் எக்ஸ்பிரசுக்கு வழிவிட வேண்டுமாம். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். அரை மணி போயிற்று, முக்கால் மணி போயிற்று. வானம் முழுக்க மேகம், சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பஞ்சாங்கத்தில் அன்றைய அஸ்தமனம் ஆறு முப்பத்தைந்து. ஆறே காலுக்கு வண்டி பேரணி தாண்டியது என்றார்கள். ஆறு முப்பத்தைந்துக்கு மயிலம்கூட வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் சாப்பிட்டிருப்பார். அதற்கு முன் தந்தியை எழுதியிருப்பார். அவர் சொன்ன சொல் மாறாதவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் பயமே.

ஏழு பத்துக்குப் போன் வந்தது. "வந்துடுச்சி சார். எறக்கிக்கினு இருக்காங்க. மூட்டைல தண்ணி படலை, விதை நல்லா இருக்குது" என்றார். தந்தியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மெமோவுக்காகக் காத்திருந்தேன். தபால் பையன் சைக்கிள் மணி அடித்தாலே வாசலுக்கு ஓடுவேன். வீட்டில் சொல்லவில்லை. தங்கைகள் சிரித்தால்கூட எரிந்து விழுந்தேன். நாலு மணிப் போனை இன்னொரு ஷிப்டுக்காரரிடம் தள்ளிவிட்டேன், நயினார் குரலை எதிர்கொள்ளத் தைரியமில்லை. இரண்டு நாள், நாலு நாள், ஒரு வாரம். ஒன்றும் வரவில்லை. ஏதோ கைமாறிப் போய்விட்டது, இல்லையென்றால் மேலிடத்தில் யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

ஒரு தபால் அட்டை மட்டும் வந்தது. குண்டு குண்டான எழுத்து. "பதினோராம் நாள் அகப்பட்டது. 59 × 509. இரண்டும் பகா எண்கள். ஆகவே தங்கள் எண் பகு எண். வகுக்கும் சின்ன எண்கள் 1, 59, 509; கூட்டினால் 569 மட்டுமே. ஆகவே குறை எண். தாங்கள் தோற்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவும். அஸ்தமனத்துக்கு முன்."

பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. பயந்துகொண்டே போனேன்.

திண்டிவனம் ஸ்டேஷனில் ஒல்லியாக, குள்ளமாக ஒருவர் குடையோடு நின்றார். போனில் கேட்ட குரலுக்கு நான் பெரிய ஆளாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். "வாங்க, குறை எண்ணு" என்றார். குரல் அதேதான். வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் வேகன் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் பலகை போட்டு உட்காரவைத்து, ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உங்க ஒன்பது நல்லவன்தாங்க. ஆனா யாரு எந்த எடத்துல ஒக்காந்திருக்காங்கன்னு பாக்க மாட்டான், மொத்தத்தைத்தான் பாப்பான். இலக்கம் எடம் மாறினா அவனுக்குத் தெரியாது. பதினொண்ணைப் பாருங்க." வலது பக்கத்திலிருந்து ஒரு இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனார். 30031-க்கு ஒன்று வந்தது. 30301-க்கு ஏழு வந்தது. "பக்கத்து பக்கத்து இலக்கம் மாறிடுச்சின்னா இவன் காட்டிக் கொடுத்துடுவான். ரெண்டு பேரையும் கூட வச்சுக்குங்க." அன்றிலிருந்து வேலையை விட்டு ஓய்வு பெறும் வரை என் குட்டி நோட்டில் இரண்டு மீதியும் எழுதினேன். முழு எண்ணையும் எழுதினேன்.

ஐந்தரைக்கு இலை போட்டார்கள். அவரையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அவர் மனைவி பரிமாறினார். பாசிப்பருப்புக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், மோர்க்குழம்பு. தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அன்னைக்குத் தந்தி..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தத் தந்திங்க?" என்றார் அவர், சாதத்தைப் பார்த்துக்கொண்டே.

அவர் மனைவி கரண்டியோடு நின்றார். "இவருதான் அந்த வேகன்காரரா? அது சரி. அன்னைக்கு மழைல நானே கேரியரை எடுத்துக்கினு ஸ்டேஷனுக்குப் போனேண்ணே. அஞ்சரை மணி. 'வச்சுட்டுப் போ, இன்னும் நாள் முடியலை'ன்னாரு. ஏழரைக்கு மேல வந்தாரு. கேரியர் மூடி தொறக்கவே இல்ல, போட்டது போட்டபடி இருக்குது. இருட்டிடுச்சே, அப்புறம் எங்க சாப்பிடறது? பச்சத் தண்ணி வாயில வைக்காம படுத்துட்டாரு. மறுநாள் காலைலதான் சாப்பிட்டாரு. இன்னான்னு கேட்டா, 'வேகன் லேட்டு'ன்னாரு. வேகன் லேட்டானா மனுசன் சாப்பிடக் கூடாதா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாப்பிட உட்கார்வதற்கு முன் தந்தி எழுதிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அதனால் உட்காரவில்லை. சொன்ன சொல்லும் பொய்யாகவில்லை, விரதமும் கெடவில்லை, என் வேலையும் போகவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பட்டினி கிடந்தவர் பக்கத்து இலையில் மோர்க்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏன் சார் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா நீங்க அதுக்கும் ஒன்பதால வகுத்து மீதி பாப்பீங்க" என்றார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, முன்பின் தெரியாத வீட்டில் இலைக்கு முன்னால் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை. அந்த அம்மா இன்னொரு கரண்டி சாதம் போட்டார். கையில் எடுத்த கவளம் அப்படியே இருந்தது.

அவர் சன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தைப் பார்த்தார்.

"பொழுது போவுதுங்க. நீங்க முடிக்காம நான் எழுந்திருக்க முடியாது. சாப்பிடுங்க" என்றார்.

சாப்பிட்டேன்.